படம் முடிஞ்ச பிறகு ஓடுற பெயர்கள்

மார்வல் படம் பார்க்கப் போனால் எங்கள் எல்லாரிட்டயும் ஒரு பழக்கம் இருக்கு. படம் முடிஞ்சு லைற் போட்டாலும் எழும்ப மாட்டம். கடைசியில ஒரு குட்டிக் காட்சி வரும், அடுத்த படத்துக்கான ஆள் அதில தலையைக் காட்டுவார் எண்டு தெரியும். அதுவரைக்கும் திரையில பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் ஃபோனை நோண்டிக்கொண்டிருப்பம். இல்லாட்டி வழமையான சண்டையைப் பிடிச்சுக்கொண்டிருப்பம்: மார்வலா டிஸியா? கொமிக்ஸில இருந்த மாதிரியே எடுத்திருக்கிறாங்களா, இல்லை கெடுத்துப்போட்டாங்களா?

இந்தச் சண்டையைக் கனகாலமாக நாங்களும் பிடிச்சிருக்கிறம். இனியும் பிடிப்பம், அதில ஒரு சந்தோசம் இருக்கு. ஆனால் அந்தப் பெயர்கள் ஓடும் நேரத்தில ஒரு வரி வந்து போகும்: இந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர் இன்னார். ஒரு செக்கன்கூட நிக்காது. அந்த ஒரு வரியைத் திரையில ஏத்த எத்தினை வருசம் போனது, எத்தினை பேர் வறுமையில செத்தார்கள் எண்ட கதைதான் இந்தக் கட்டுரை. சூப்பர் ஹீரோ வரலாற்றிலேயே நீளமான சண்டை இதுதான் எண்டு எங்களுக்குப் படுகுது.

130 டொலர்

சூப்பர்மேனை உருவாக்கினது அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரத்தில ஒரே பள்ளிக்கூடத்தில படிச்ச இரண்டு பெடியள். ஜெரி சீகல் எழுதுவார், ஜோ ஷூஸ்டர் வரைவார். இருவரும் 1914இல் பிறந்தவர்கள், ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஷூஸ்டர் பிறந்தது ரொறன்ரோவில. சின்ன வயதில அங்கே வீடு வீடாகப் பேப்பர் போட்டவர். கிளார்க் கென்ற் முதலில வேலை செய்த பத்திரிகையின் பெயர் 'டெய்லி ஸ்ரார்'. ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகையை நினைச்சு வைச்ச பெயர் அது. 'டெய்லி பிளனற்' எல்லாம் பிறகு வந்தது.

அமெரிக்காவில வேலையில்லாமல் சனம் வரிசையில நிண்ட 1930கள் அவை. இந்தப் பெடியள் தங்கட சூப்பர்மேனைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார்கள், திரும்பி வரும். பல வருசம் இப்படியே போனது. கடைசியில 1938இல், இண்டைக்கு டிஸி எண்டு நாங்கள் சொல்லுற நிறுவனத்தின் முன்னோடிக் கம்பனி அதை வாங்கினது. 13 பக்கம், பக்கத்துக்கு 10 டொலர். மொத்தம் 130 டொலர், இரண்டு பேருக்கும் சேர்த்து. கூடவே கையெழுத்து வைக்க ஒரு கடதாசி: சூப்பர்மேன் எண்ட பாத்திரத்தின் உரிமை முழுக்க, என்றென்றைக்கும் கம்பனிக்கே. இருவருக்கும் அப்ப வயது 23.

'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழ் 1938 ஜூன் மாதத் திகதியோடு வந்தது. விலை 10 சதம். 2024இல் அந்த இதழின் ஒரு பிரதி ஏலத்தில 60 இலட்சம் டொலருக்குப் போனது. அதுக்கு முதல், 2012இல், அந்த 130 டொலரும் அடங்கின பழைய காசோலையையே ஒருவர் 160,000 டொலருக்கு ஏலத்தில எடுத்தார். உருவாக்கினவர்களுக்குக் குடுத்த காசைவிட, காசு குடுத்ததுக்கான அத்தாட்சிக்குக் கூட விலை!

நியாயமாச் சொல்லுறதெண்டால், அதுக்குப் பிறகும் கம்பனி அவர்களுக்குத் தொடர்ந்து வேலை குடுத்தது. சில வருசம் நல்லாவே உழைச்சார்கள். ஆனால் சூப்பர்மேன் அதைவிட எத்தினையோ மடங்கு வேகமாக வளர்ந்தார். 1940இல் வானொலி நாடகம், 1941இல் ஃபிளைஷர் சகோதரர்களின் கார்ட்டூன் படங்கள், 1948இல் தியேட்டரில கிழமைக்குக் கிழமை ஓடின தொடர்படம், 1952இல் தொலைக்காட்சித் தொடர். ஒவ்வொன்றிலயும் கம்பனிக்கு வருமானம்.

1947இல் இருவரும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். 1948இல் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சமரசமாகப் போக வேண்டி வந்தது. அதோட வேலையும் போனது. கொமிக்ஸின் முதல் பக்கத்தில இருந்த அவர்களின் பெயரும் போனது. அதுக்குப் பிறகு ஏறத்தாழ 27 வருசம் உலகம் முழுக்கச் சூப்பர்மேன் பறந்தார், உருவாக்கினவர்களின் பெயரில்லாமல்.

1970களில சீகல் லொஸ் ஏஞ்சலிஸில ஒரு அலுவலகத்தில சாதாரண எழுதுவினைஞர். ஷூஸ்டருக்குக் கண்பார்வை போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்திலதான் சூப்பர்மேனை வைச்சு ஹொலிவூட்டில ஒரு பெரிய படம் எடுக்கப் போறார்கள் எண்ட செய்தி வந்தது. சீகல் பொறுக்கேலாமல் 1975இல் பத்திரிகைகளுக்கு நீளமான கடிதம் எழுதினார். நீல் அடம்ஸ், ஜெரி ரொபின்சன் எண்ட இரண்டு ஓவியர்கள் அதைக் கையில எடுத்தார்கள். தொலைக்காட்சிக்குப் போனார்கள், பத்திரிகைக்காரரோட கதைச்சார்கள், சக ஓவியர்களைச் சேர்த்தார்கள். கம்பனிக்குச் சட்டப்படி ஒரு கடமையும் இருக்கேல்லை, மானம்தான் இருந்தது. அந்த வருசக் கடைசியில ஆளுக்கு வருசத்துக்கு 20,000 டொலர் உதவித்தொகை தர ஒத்துக்கொண்டார்கள். பெயரையும் திருப்பிப் போட ஒத்துக்கொண்டார்கள்.

1978 டிசெம்பரில படம் வந்தது. கிறிஸ்ரோபர் ரீவ் சூப்பர்மேன். சூப்பர்மேனின் அப்பாவாகக் கொஞ்ச நேரம் வந்து போற மார்லன் பிராண்டோவுக்கு 37 இலட்சம் டொலர் சம்பளம், அதுக்கு மேல இலாபத்திலயும் பங்கு. ஆனால் அந்தப் படத்தின் பெயர்களுக்குள்ள இந்த முறை சீகலும் ஷூஸ்டரும் இருந்தார்கள்.

பேட்மேனின் மற்ற ஆள்

சூப்பர்மேன் கதையில கம்பனி ஒரு பக்கம், ஆக்கள் மற்றப் பக்கம். பேட்மேன் கதை இன்னும் சிக்கலானது. அங்கே பெயரை மறைச்சது கூட வேலை செய்த ஆள்.

1939இல் பொப் கேன் எண்ட ஓவியர் ஒரு புது ஹீரோவை வரைஞ்சார். சிவப்பு உடுப்பு, சின்ன முகமூடி, விறைச்ச இறக்கை. அதைப் பில் ஃபிங்கர் எண்ட நண்பரிட்டக் காட்டினார். முன்னம் சப்பாத்து விற்ற ஆள், எழுத்தில ஆசை. ஃபிங்கர் சொன்னார்: காது வைச்ச தலைமூடி போடு, இறக்கையை எடுத்துப்போட்டு மேலங்கி போடு, நிறத்தை இருட்டாக்கு. புறூஸ் வெய்ன் எண்ட பெயர் அவருடையது. கோதம் எண்ட நகரத்தின் பெயரும் அவருடையது. 1939 மே மாதத் திகதியோட வந்த முதல் கதையை எழுதினதும் அவர்தான். எங்களுக்குத் தெரிஞ்ச பேட்மேனில கேன் முதலில வரைஞ்சது எவ்வளவு மிச்சம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஆனால் கம்பனியோட ஒப்பந்தம் போட்டது கேன் மட்டும். பேட்மேன் எங்க வந்தாலும் உருவாக்கியவர் எண்டு அவருடைய பெயர் மட்டுமே வரும். ஃபிங்கர் 1940களிலும் 50களிலும் கதை கதையாக எழுதினார், பெரும்பாலும் பெயரில்லாமல். 1966இல் வந்த பிரபலமான தொலைக்காட்சித் தொடரில இன்னொருவரோட சேர்ந்து இரண்டு பகுதிக் கதை ஒன்று எழுதினார். அங்க எழுத்தாளராக மட்டும் பெயர் வந்தது. 1974இல் 59 வயதில, கையில காசில்லாமல் செத்துப்போனார். அவருடைய மகன் சாம்பலைக் கடற்கரை மணலில வௌவால் வடிவத்தில பரப்பினாராம். அலை வந்து கொண்டுபோனது.

1989இல் ரிம் பேர்ட்டனின் 'பேட்மேன்' படம் உலகத்தைக் கலக்கினது. ஃபிங்கருக்கு இன்னும் கூடப் புகழ் குடுத்திருக்க வேணும் எண்டு அதே வருசம் வந்த தன்வரலாற்றில கேன் ஒத்துக்கொண்டார். புத்தகத்தில ஒத்துக்கொண்டார், ஒப்பந்தத்தில ஒண்டும் மாறேல்லை. 2005, 2008, 2012இல் வந்த கிறிஸ்ரோபர் நோலனின் மூன்று படங்களிலயும் உருவாக்கியவர் பொப் கேன் மட்டும்தான்.

மாத்தினது ஒரு சிறுவர் எழுத்தாளர். மார்க் ரைலர் நோபில்மன் எண்டவர் ஃபிங்கரைப் பற்றிப் புத்தகம் எழுத வெளிக்கிட்டு, பள்ளிக்கூடப் பதிவுகள், பழைய படங்கள் எல்லாத்தையும் தோண்டினார். ஃபிங்கருக்கு வாரிசே இல்லை எண்டுதான் எல்லாரும் நினைச்சிருந்தார்கள். அவர் தேடித் தேடி அதீனா எண்ட பேத்தியைக் கண்டுபிடிச்சார். ஃபிங்கர் செத்த பிறகு பிறந்த பிள்ளை. வாரிசு இருந்தால்தான் உரிமை கேக்கலாம். பேத்தி கேட்டார். 2015இல் கம்பனி இறங்கி வந்தது. 2016இல் வந்த 'பேட்மேன் எதிர் சூப்பர்மேன்' படத்தில முதன்முறையாக ஒரு பேட்மேன் படத்தில ஃபிங்கரின் பெயர் உருவாக்கியவராக வந்தது. 'பொப் கேன், பில் ஃபிங்கருடன்.' சமமான 'உம்' இல்லை, பின்னால ஒட்டின 'உடன்'. அதுக்கே 77 வருசம்.

அந்தப் படத்தைப் பற்றி எங்களுக்குள்ள நல்ல அபிப்பிராயம் இல்லை. அம்மாவின் பெயரைக் கேட்டுச் சண்டை நிக்கிற காட்சியை இன்னும் நக்கலடிக்கிறம். ஆனாலும் அந்த ஒரு வரிக்காக அந்தப் படம் வரலாற்றில நிக்கும்.

கதை சொன்னது எழுத்தா, கோடா?

மார்வல் பக்கம் வருவம். படங்களில குட்டிக் காட்சிகளில சிரிச்சுக்கொண்டு வருவாரே, ஸ்ரான் லீ, அவரை எல்லாருக்கும் தெரியும். ஜாக் கேர்பியின் முகத்தைத் தெரிஞ்சவர்கள் எங்களில எத்தினை பேர்?

கேர்பி 1917இல் நியூயோர்க்கின் ஏழைக் குடியிருப்பொன்றில பிறந்தவர். ஜோ சைமனோட சேர்ந்து கப்டன் அமெரிக்காவை உருவாக்கினார். அமெரிக்கா போரில இறங்குறதுக்கு முதலே, முதல் இதழ் அட்டையில கப்டன் ஹிட்லரின் முகத்தில குத்துவார். 1961இலிருந்து ஸ்ரான் லீயோட சேர்ந்து பன்டாஸ்ரிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென், பிளாக் பன்தர்.

அவர்கள் வேலை செய்த முறையை விளங்கினால்தான் பிரச்சினை விளங்கும். லீ முழுக்கதையை எழுதிக் குடுக்கமாட்டார். ஒரு சுருக்கம், சில நேரம் ஒரு கதைபேச்சு, அவ்வளவுதான். ஓவியர் வீட்டை போய் எந்தக் காட்சி, எத்தினை கட்டம், சண்டை எங்க தொடங்கி எங்க முடியும் எண்டு முடிவெடுத்து முழு இதழையும் வரைவார். அதுக்குப் பிறகுதான் லீ வசனம் எழுதுவார். 1966இல் கேர்பி வரைஞ்சு குடுத்த பக்கங்களில, சுருக்கத்திலயே இல்லாத ஒரு ஆள் வெள்ளிப் பலகையில பறந்துகொண்டிருந்தார். சில்வர் சேர்ஃபர் பிறந்தது அப்படித்தான். இதைச் சொன்னது லீயே. அப்ப கதையை எழுதினது ஆர்? சம்பளச் சிட்டையில கேர்பி வெறும் ஓவியர், பக்கத்துக்கு இவ்வளவு எண்டு காசு.

1980களில மார்வல் பழைய ஓவியங்களை ஓவியர்களுக்குத் திருப்பிக் குடுக்கத் தொடங்கினது. மற்றவர்களுக்கு ஒரு பக்கப் படிவம். கேர்பிக்கு மட்டும் 1984இல் நாலு பக்கம், உரிமை எதையும் கேக்கமாட்டன் எண்டு. அவர் கையெழுத்து வைக்கேல்லை. சக கலைஞர்கள் பகிரங்கமாக அவருக்காக நிண்டார்கள். 1987இல் கிடைச்சது சுமார் 2,000 பக்கம், அவர் வரைஞ்சது பத்தாயிரத்துக்கும் மேல. 1994இல் காலமானார். 2009இல் டிஸ்னி 400 கோடி டொலர் குடுத்து மார்வலை வாங்கினது. 2012இல் 'அவெஞ்சர்ஸ்' படம் 150 கோடி டொலருக்கு மேல வசூலிச்சது. பிள்ளைகள் போட்ட வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் வாசலுக்குப் போன நேரம், 2014இல் சமரசம் வந்தது. அதுக்குப் பிறகு கேர்பியின் பெயர் கொஞ்சம் துலக்கமாகத் தெரியத் தொடங்கினது.

இதெல்லாம் பழைய காலத்து அநியாயம் எண்டு நினைக்காதேங்கோ. கப்டனின் செத்துப்போன கூட்டாளி பக்கியை விண்டர் சோல்ஜராக 2005இல் திருப்பிக் கொண்டுவந்தது எழுத்தாளர் எட் புறூபேக்கரும் ஓவியர் ஸ்ரீவ் எப்ரிங்கும். 2014இல் வந்த படத்தில புறூபேக்கர் சின்ன வேசமொன்றில தலையைக் காட்டினார். அந்தப் பாத்திரத்தைப் படைச்சதுக்குக் கிடைச்சதைவிட, அந்த ஒரு காட்சியில நடிச்சதுக்குக் கூடக் காசு கிடைச்சது எண்டு 2021இல் அவரே சொன்னார்.

அப்ப, 'கொமிக்ஸ் மாதிரியே' எண்டால் என்ன?

இனி எங்கட பழைய சண்டைக்கு வருவம். படம் கொமிக்ஸுக்கு விசுவாசமா இல்லையா?

தேடிப் பார்க்கப் பார்க்க எங்களுக்கு அந்தக் கேள்வியில நம்பிக்கை குறைஞ்சு போச்சு. சூப்பர்மேன் முதலில பறக்கேல்லை. பாய்வார், அவ்வளவுதான். வானொலியும் கார்ட்டூனும்தான் அவரைப் பறக்க வைச்சது. கிரிப்ரோனைற் வானொலி நாடகத்திலிருந்து கொமிக்ஸுக்குப் போனது. பேட்மேனின் குகை 1943இல் வந்த தொடர்படத்திலிருந்து போனது. அதில அல்பிரட்டாக நடிச்சவர் மெல்லிய ஆள் எண்டபடியால், கொமிக்ஸில குண்டாயிருந்த அல்பிரட்டும் மெலிஞ்சார். ஹார்லி குவின் 1992இல் தொலைக்காட்சிக் கார்ட்டூனில பிறந்து பிறகுதான் கொமிக்ஸுக்கு வந்தார். கடதாசியும் திரையும் 80 வருசத்துக்கு மேலாக ஒண்டிட்ட ஒண்டு கடன் வாங்குது. தொட்டால் தீட்டாகிற ஒரு மூலப்பிரதி எங்கயும் இல்லை.

அதனால ஒரு இயக்குநர் கதையை மாத்தினால் அது எங்களுக்குத் துரோகமாகப் படுறதில்லை. மாத்தி நல்லா வந்தால் சந்தோசம், வராட்டி நக்கலடிப்பம். உருவாக்கினவரை மறைக்கிறதுதான் துரோகம்.

எங்களுக்குப் பிடிச்ச திரையாக்கம் எது எண்டு கேட்டால் 2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்ரூ த ஸ்பைடர்வேர்ஸ்' எண்டுதான் சொல்லுவம். மலிவுக் கடதாசியில அச்சடிச்ச புள்ளி, எழுத்துப் பெட்டி, கட்டம் கட்டமாகப் பிரியிற திரை எண்டு, ஒரு கொமிக்ஸ் புத்தகம் எழும்பி நடக்கிற மாதிரி இருக்கும். அந்த வருசம்தான் ஸ்ரான் லீயும், ஸ்பைடர்மேனை முதலில வரைஞ்ச ஸ்ரீவ் டிட்கோவும் காலமானார்கள். படத்தின்ர முடிவில இரண்டு பேருக்கும் பெயர் சொல்லி நன்றி வரும். கதையைத் தலைகீழாக மாத்தின படம்தான், ஆனால் ஆரிட்ட வாங்கினம் எண்டதை மறக்கேல்லை.

எங்கட பக்கத்துக் கணக்கு

அமெரிக்கக் கம்பனிகளை மட்டும் திட்டிப்போட்டு எழும்பிப் போறது லேசு. எங்கட பக்கமும் ஒரு கணக்கு இருக்கு.

தமிழில கொமிக்ஸ் வாசிச்ச எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு முதல் சூப்பர் ஹீரோ சூப்பர்மேன் இல்லை, இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கின முத்து கொமிக்ஸின் முதல் ஹீரோ. மின்சாரம் பாய்ஞ்சால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில தெரியும். இண்டைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் சில மாமாமாருக்கு முகம் மலரும். அவர்களிட்ட, மாயாவியை வரைஞ்சது ஆர் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

1962இல் இங்கிலாந்தின் 'வாலியன்ற்' வாராந்தரியில 'ஸ்ரீல் குளோ' எண்டு தொடங்கின கதை அது. தொடக்கத்தில எழுதினவர் கென் பல்மர். வரைஞ்சவர் ஹேசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின் நாட்டுக்காரர். அந்தக் காலத்துப் பிரித்தானியப் பத்திரிகைகளில எழுதினவர், வரைஞ்சவர் பெயர் போடுற வழக்கமே இருக்கேல்லை. அந்த நிழல், அந்த இருட்டு, அந்தக் கையின் மினுக்கம் எல்லாம் ஒரு மனிசனின் கையிலிருந்து வந்தது எண்டு வாசகருக்குத் தெரியாமலே போனது. மூலப் பத்திரிகையிலயே இல்லாத பெயர் மொழிபெயர்ப்பில எங்கயிருந்து வரும்? மாயாவி உண்மையிலயே மாயாவிதான், ஆனால் மறைஞ்சது படைச்சவர்.

இதுக்கு எதிராக நல்ல கேள்வியொன்று இருக்கு. கம்பனி துணிஞ்சு அச்சடிச்சு விக்காட்டி சூப்பர்மேன் அந்த மேசை லாச்சிக்குள்ளயே கிடந்திருப்பார். கையெழுத்து வைச்சதும் அவர்கள்தானே? ஒரு படத்துக்குப் பின்னால ஆயிரக்கணக்கான ஆக்கள் உழைக்கினம், எல்லாருக்கும் பங்கா? இதில உண்மை இருக்கு. கம்பனி முதல் போட்டது, ஆபத்தை எடுத்தது. ஆனால் வேறை வழியில்லாத இரண்டு இளம் ஆக்கள் வைச்ச கையெழுத்து, 130 டொலர் பெறுமதியான ஒண்டு கோடிக்கணக்கில வளர்ந்த பிறகும், அவர்களின் பெயரையே அழிக்கிற உரிமையைக் குடுக்குமா? காசுக் கணக்கில எவ்வளவு நியாயம் எண்டு விவாதிக்கலாம். பெயர் போடச் செலவே இல்லை.

இன்னொண்டையும் கவனியுங்கோ. எந்தக் கம்பனியும் தானாகத் திருந்தேல்லை. சீகலுக்காகக் கதைச்சது வேறு ஓவியர்கள். ஃபிங்கருக்காகத் தேடினது ஒரு எழுத்தாளர். கேர்பிக்காக நிண்டது சக கலைஞர்களும் வாசகர்களும். பலவீனமான ஆளுக்குப் பக்கத்தில போய் நிக்கச் சொல்லித்தான் இந்தக் கதைகள் எல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தது. சிலர் அதைப் புத்தகத்தோட விட்டுப்போடாமல் உண்மையிலயே செய்திருக்கிறார்கள்.

நாங்களும் எங்கட பழைய விமர்சனங்களைத் திருப்பி வாசிச்சுப் பார்த்தம். இயக்குநர் பெயர் இருக்கு, நடிகர் பெயர் இருக்கு, இசை ஆர் எண்டுகூட இருக்கு. கொமிக்ஸை எழுதினவர், வரைஞ்சவர் பெயர் அனேகமாக இல்லை. இனி எழுதுற ஒவ்வொரு விமர்சனத்திலயும் முதல் பந்தியிலயே அது இருக்கும்.

அடுத்த முறை படம் முடிஞ்சு கடைசிக் காட்சிக்காகக் காத்திருக்கேக்க ஃபோனைக் கொஞ்சம் கீழ வையுங்கோ. அந்த வரி வரும். வாசிச்சுப்போட்டுப் பக்கத்தில இருக்கிறவருக்கும் சொல்லுங்கோ. மார்வலா டிஸியா எண்ட சண்டையை வீட்டை போற பஸ்ஸில பிடிக்கலாம்.